எழுவாய் இல்லாத வெப்பம்: ‘ஆதல்’, ‘மனிதன்’, நெல்வயல்

1

தொண்ணூறுகளில் நம்மிடையே ஒரு சின்னச் சொற்சண்டை இருந்தது. ‘உலகமயமாதல்’ என்று எழுதுவதா, ‘உலகமயமாக்கல்’ என்று எழுதுவதா? ஓரெழுத்து முன்னே பின்னே, இதுல என்ன பெரிய அரசியல்னு சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்த எவருக்கும் விஷயம் விளங்கும். ஆதல் என்பது தானே நிகழ்வது. பழம் பழுப்பது மாதிரி, பொழுது சாய்வது மாதிரி. ஆக்கல் என்றால் ஆக்குகிறவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஒரு முகவரி இருக்கிறது. அவனிடம் கணக்குக் கேட்கலாம். ‘தாராளமயமாக்கல்’, ‘தனியார்மயமாக்கல்’ என்று பிடிவாதமாகப் பிறவினையிலேயே எழுதியவர்கள் இலக்கணச் சுத்தத்துக்காக அப்படி எழுதவில்லை.

அதே கைகள்தான் ‘புவி வெப்பமயமாதல்’ என்றும் எழுதின, இன்றும் எழுதுகின்றன. ‘புவி சூடாதல்’, ‘புவி வெப்பமடைதல்’ என்று எந்த வடிவத்தை எடுத்தாலும் வினை தன்வினையாகவே நிற்கிறது. ‘வெப்பமயமாக்கல்’ என்று எழுதுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பூமி காய்ச்சல்காரனைப் போலத் தானாகவே சூடாகிக்கொண்டிருக்கிறது. நாம் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படியொரு காட்சியைத்தான் இந்தச் சொல் கட்டமைக்கிறது.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லைக் கேள்விக்குட்படுத்துவதால் சூட்டைக் கேள்விக்குட்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது நேற்றைய கண்டுபிடிப்பல்ல. 1856இல் யூனிஸ் ஃபூட், 1859இல் ஜான் டிண்டால் ஆகியோரின் சோதனைகளில் தொடங்கி, 1896இல் ஸ்வாந்தே அர்ரேனியஸ் போட்ட கணக்கின் வழியாக வந்து சேர்ந்தது அது. தொழில் யுகத்துக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனலோவாவில் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் 1850-1900 காலத்தை விட ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேலே போனது. இவற்றில் எனக்கு ஐயமில்லை. இந்த உண்மைகள் எந்த வாக்கியங்களில் ஏறி நம்மிடம் வந்து சேர்கின்றன, வரும் வழியில் எழுவாயை எங்கே இறக்கிவிட்டு வருகின்றன என்பதுதான் என் கேள்வி.

2

உருவகத்திலிருந்து தொடங்கலாம். ‘பசுமை இல்ல விளைவு’ என்கிறோம். ஈழத்தில் ‘பச்சைவீட்டு விளைவு’ என்பார்கள். நம் வெயிலில் கண்ணாடி வீடு கட்டிச் செடி வளர்க்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. நமக்குத் தெரிந்த கண்ணாடி வீடு ஊட்டித் தாவரவியல் பூங்காவில் இருப்பதுதான். அதுவும் வெள்ளைக்காரன் தன் குளிரை நினைத்துக் கட்டியது. ஐரோப்பாவில் கண்ணாடி வீடு வெறும் தோட்டக்கலை அல்ல. 1840களில் லண்டன் கியூ தோட்டத்தில் எழுந்த பனைமர மாளிகை, காலனிகளிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன வெப்பமண்டலச் செடிகளைக் குளிர்நாட்டில் உயிரோடு வைப்பதற்கான ஏற்பாடு. இரும்பு, கண்ணாடி, சூடேற்ற நிலக்கரி, சேகரிக்கப் பேரரசு. இந்த நாலும் சேர்ந்தால்தான் அந்த ‘இல்லம்’.

ஆகவே அந்த மொழியில் கண்ணாடி வீட்டுக்குள் இருப்பது கதகதப்பான அனுபவம். அர்ரேனியஸே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த வெப்ப உயர்வால் குளிர்நாடுகளின் தட்பவெப்பம் மேம்படும், விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கையோடு எழுதினார். அவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோம் பனியில் உட்கார்ந்து யோசித்தால் அப்படித்தான் தோன்றும். ராமநாதபுரத்துச் சித்திரை மாதத்தில் உட்கார்ந்து யோசித்தால் வேறு உருவகம் வந்திருக்கும். செங்கல் சூளை வந்திருக்கலாம். நெல் அவிக்கிற அண்டா வந்திருக்கலாம். அவற்றின் அடியில் விறகு தள்ளுகிற ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார்; சூளைக்கு உடைமைக்காரர் ஒருவரும் இருப்பார். கண்ணாடி வீட்டிலோ சூரியனும் கண்ணாடியும் மட்டும். ஆளே இல்லை. போதாக்குறைக்குத் தமிழில் ‘பசுமை’ என்ற சொல் வேறு வந்து ஒட்டிக்கொண்டது. குற்றத்தின் பெயரிலேயே ஒரு தளிர் துளிர்க்கிறது!

சொற்களின் அரசியலை நாம் அறியாமல் இருந்தாலும், தேவைப்பட்டவர்கள் அறிந்தே இருந்தார்கள். 2002 அளவில் அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு ஆலோசனை சொன்ன ஃபிராங்க் லுண்ட்ஸ், ‘புவி வெப்பமாதல்’ அச்சமூட்டுகிறது, ‘காலநிலை மாற்றம்’ என்பதே மென்மையானது, அதையே பயன்படுத்துங்கள் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். மாற்றம் யாருக்குத்தான் பிடிக்காது? ஆக, ‘ஆதல்’ என்ற தன்வினைகூட அவர்களுக்குக் கொஞ்சம் காரமாகத்தான் இருந்திருக்கிறது.

3

சரி, பிறவினையாகவே எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுவாயாக யாரைப் போடுவது? தயாராக ஒரு விடை காத்திருக்கிறது: மனிதன். ‘மனிதனின் பேராசையால் பூமி சூடாகிறது.’ கவியரங்கக் கவிஞரும் சொல்கிறார், சாமியாரும் சொல்கிறார், விளம்பரத்தில் சிமெண்டு கம்பெனிக்காரரும் சொல்கிறார். மூன்று பேருக்கும் ஒரே வாக்கியம் வசதியாக இருக்கிறதென்றால் அந்த வாக்கியத்தைச் சந்தேகிப்பது நல்லது.

1955இல் நியூயார்க்கில் எட்வர்ட் ஸ்டைகன் ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார். உலகெங்கும் மனிதர்கள் பிறக்கிறார்கள், உழைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், சாகிறார்கள், மனிதர் எல்லாம் ஒரே குடும்பம் என்பது அதன் செய்தி. அது பாரிஸுக்கு வந்தபோது ரோலான் பார்த் ஒரு சிறு கட்டுரை எழுதினார். எல்லோரும் பிறக்கிறோம், சாகிறோம் என்பது உண்மைதான்; எப்படிப் பிறக்கிறோம், எப்படிச் சாகடிக்கப்படுகிறோம் என்பதில்தான் வரலாறு இருக்கிறது என்பது அவர் வாதம். அமெரிக்காவில் வெள்ளையர்கள் அடித்துக் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் பெற்றோரிடம் போய் இந்தக் குடும்பக் கதையைச் சொல்லிப் பாருங்கள் என்றார். வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்று அவர் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

அந்தக் கண்காட்சியின் பெரிய பதிப்புதான் ‘ஆந்த்ரோபசீன்’, மானுட யுகம். 2000ஆம் ஆண்டில் பால் குரூட்ஸனும் யூஜின் ஸ்டோர்மரும் இச்சொல்லை முன்வைத்தார்கள். மனித இனம் ஒரு புவியியல் ஆற்றலாகிவிட்டது என்றார்கள். தொடக்கமாக ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரக் காலத்தைக் காட்டினார்கள். அந்த இயந்திரத்தை மனித இனம் கூடிப் பேசி ஏற்றுக்கொள்ளவில்லை. ஆந்திரேயாஸ் மால்ம் 2016இல் வெளியான நூலில் காட்டுவது போல, பிரிட்டிஷ் பஞ்சாலை முதலாளிகள் ஓடும் ஆற்று நீரை விட்டு நிலக்கரிக்குப் போனதற்கு நிலக்கரி மலிவு என்பது காரணமல்ல. ஆறு ஓடுகிற இடத்துக்கு ஆலை போக வேண்டும். நீராவி இயந்திரத்தையோ கூலியாட்கள் மலிந்து கிடக்கும் நகரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். உழைப்பாளியை அடக்கி வேலை வாங்க எது தோதோ அது வென்றது. புவியியலாளர்களே 2024 மார்ச்சில் வாக்கெடுத்து ஆந்த்ரோபசீனை அதிகாரபூர்வமான புவியியல் காலகட்டமாக ஏற்க மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய காரணங்கள் வேறு. நம் காரணம் இதுதான்: குடிநீர்த் தொட்டியில், சுடுகாட்டுப் பாதையில், தேர் வடத்தில் எல்லோரையும் ஒரே மனிதனாக ஏற்காத ஒரு சமூகத்தில், புகைக்கூண்டின் பொறுப்பைப் பங்கிடும்போது மட்டும் எல்லோரும் ‘மனிதன்’ ஆகிவிடுவது எப்படி?

4

இந்தக் கேள்வியை நம் பக்கத்திலிருந்து முதன்முதலில் எண்களின் மொழியிலேயே கேட்டவர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும். இவர்கள் நடத்திய டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1991இல் வெளியிட்ட அந்தச் சிறு வெளியீட்டின் தலைப்பு, சமனற்ற உலகில் புவி வெப்பம் என்பதாக அமைந்தது. சூழல் காலனியம் என்று குற்றச்சாட்டைத் தலைப்பிலேயே வைத்தார்கள். முந்தைய ஆண்டு வாஷிங்டனின் உலக வள நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. வாயு உமிழும் நாடுகளின் வரிசையில் முதல் ஐந்து இடங்களில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியத்தோடு பிரேசில், சீனா, இந்தியா! எப்படி? காடழிப்பையும், நெல்வயலிலிருந்தும் கால்நடையிலிருந்தும் கிளம்பும் மீத்தேனையும் கணக்கில் ஏற்றியதால்.

ஏற்றியதில்கூடத் தப்பில்லை என்று வைத்துக்கொள்வோம். சூட்சுமம் வேறிடத்தில் இருந்தது. வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் காடும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த உறிஞ்சும் திறன் யாருக்குச் சொந்தம்? அமெரிக்க அறிக்கை அதை எந்த நாடு எவ்வளவு உமிழ்கிறதோ அந்த விகிதத்தில் பிரித்துக் கழித்தது. அதாவது ஊர்க் குளத்தில் யார் அதிகமாகச் சாக்கடையைத் திறந்துவிடுகிறாரோ அவருக்கே குளத்தில் அதிகப் பங்கு. அகர்வாலும் நாராயணும் இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கினார்கள். கடலும் காற்றும் மனிதர்கள் அனைவருக்கும் பொது என்றால் தலைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். அப்படிப் பிரித்தால் உலக மக்கள்தொகையில் 16 விழுக்காட்டைக் கொண்ட இந்தியா தன் பங்கைக்கூட முழுசாகப் பயன்படுத்தவில்லை. ஏழை விவசாயியின் உயிர்பிழைப்பு உமிழ்வையும் பணக்கார நாட்டுக் காரின் ஆடம்பர உமிழ்வையும் ஒரே தராசில் வைக்காதே என்றார்கள்.

அறிவியலின் உள்ளே அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதற்கு இது பாடப்புத்தக உதாரணம். பூக்கோவைப் படித்தவர்கள் அதிகாரமும் அறிவும் பின்னிக்கிடப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். இவர்கள் ஒரு கழித்தல் கணக்கில் அதைக் காட்டிவிட்டார்கள். அன்றைய கணக்குகள் இன்று பழசு. சீனா இன்று ஆண்டு உமிழ்வில் முதலிடம். ஆனாலும் இதுவரை சேர்ந்த மொத்தக் கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நாலில் ஒன்று; இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு. இந்த வேறுபாடு பழசாகவில்லை.

5

நெல்வயலுக்கு வருவோம். வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் பொருளைத் தின்று மீத்தேனை வெளிவிடும். நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல்கள் வழியே அது மேலே வரும். நெல் சேற்றில் மூச்சுவிடுவதற்காக வளர்த்துக்கொண்ட குழாய்தான் இங்கே குற்றவாளி. இதெல்லாம் உண்மை.

ஆனால் எவ்வளவு வருகிறது? கலிபோர்னியாவிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஒருசில வயல்களில் அளந்ததை ஆசியாவின் பரப்பால் பெருக்கி எடுத்த மதிப்பீடுகளே தொடக்கத்தில் இருந்தவை. 1990 அளவில் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை இந்திய நெல்வயல்களின் கணக்கில் எழுதியது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன். 1991இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா குழுவினர் நாட்டின் பல பகுதிகளில் வயலில் இறங்கி அளந்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு! நம் மண்ணில் மட்குப்பொருள் குறைவு. எல்லா வயலிலும் எந்நேரமும் தண்ணீர் நிற்பதில்லை. மானாவாரி நெல்லும் இருக்கிறது. வயலுக்கு வந்து பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். மேற்கைப் பொதுமையாகவும் மற்றதை அதன் நகலாகவும் வைப்பது கீழைத்தேயவியல் நூல்களில் மட்டும் நிகழ்வதல்ல. வாயுக் குடுவையிலும் நிகழ்கிறது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மீத்தேனையும் கரியமில வாயுவையும் எப்படிக் கூட்டுவது? மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கும்; கரியமில வாயுவின் ஒரு பகுதி ஆயிரமாண்டுகள் கடந்தும் நிற்கும். 1990இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு மூன்று மாற்று விகிதங்களைத் தந்தது: 20 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 63 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்; 100 ஆண்டில் 21; 500 ஆண்டில் 9. கியோட்டோ ஒப்பந்தம் 100ஐ எடுத்துக்கொண்டது. ஏன் 100? இயற்கை அப்படிச் சொல்லவில்லை, பேச்சுவார்த்தை மேசை சொன்னது. (எண்கள் பின்னர் திருத்தப்பட்டன, இன்று 100 ஆண்டுக்கு ஏறத்தாழ 27, 20 ஆண்டுக்கு ஏறத்தாழ 80.) இப்படிப் பிறந்ததுதான் ‘கார்பன் சமமானம்’. மார்க்ஸ் பணத்தைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது. ஒரு மூட்டை நெல்லையும் ஒரு கோட்டையும் சமமாக்க, இரண்டின் பயன்மதிப்பையும் உழைப்பின் தனித்தன்மையையும் அழித்தாக வேண்டும். கார்பன் சமமானமும் அப்படியொரு பொதுச் சமதை. சோறும் சொகுசுக் கப்பலும் அதில் கரைந்து ஒரே அலகாக வெளிவருகின்றன.

லியோதார் 1983இல் எழுதிய நூலில் ஒருவித வழக்கைப் பற்றிப் பேசுகிறார். பாதிக்கப்பட்டவரின் பாதிப்பைச் சொல்ல அந்த நீதிமன்றத்தின் மொழியில் வாக்கியமே கிடையாது. ஆகவே அவர் வாதியாகவே முடியாது. டன் கணக்கின் முன் நிற்கும் நெல் அப்படித்தான் நிற்கிறது. ‘ஐயா, இது சாப்பாடு’ என்ற வாக்கியத்துக்கு அந்தப் பட்டியலில் பத்தி கிடையாது.

6

இதுவரை வந்த வாசகர் தேசப்பற்றோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்றால், இனிமேல் கொஞ்சம் சங்கடம்.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், மீத்தேன் உமிழ்வை 2030க்குள் 30 விழுக்காடு குறைக்க ஓர் உறுதிமொழி முன்வைக்கப்பட்டது. இந்தியா கையெழுத்திடவில்லை. பின்னர் அரசு தந்த விளக்கத்தின் சாரம்: எங்கள் மீத்தேனில் பெரும்பகுதி நெல்லிலும் மாட்டிலும் வருகிறது, இது உயிர்பிழைப்பு உமிழ்வு, ஆடம்பரம் அல்ல, கையொப்பம் இட்டால் சிறு விவசாயிகள் பாதிக்கப்படுவார்கள். 1991இல் ஒரு சிறு அமைப்பின் எதிர்க்குரலாக ஒலித்த சொல், முப்பது ஆண்டுகளில் அரசின் வாசகமாகிவிட்டது.

2023 ஜூலை மாதம். கடலூர் மாவட்டம் வளையமாதேவி. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்ட வேண்டும். பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின, காவல்துறைப் பாதுகாப்போடு. நிலம் ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, எங்களுடையது என்றது நிறுவனம். அறுவடை வரைக்காவது பொறுக்கக் கூடாதா என்றார்கள் பயிரிட்டவர்கள். உயர்நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. அதே ஆண்டு வசந்தத்தில்தான் டெல்டாவின் நிலக்கரித் திட்டப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்பு கிளம்பியபின் நீக்கப்பட்டிருந்தன.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே உலக மன்றத்தில் நெல்லைக் காட்டி வாதாடுகிற அதே தேசம், உள்ளே நிலக்கரிக்காக நெல்லை மிதிக்கிறது. உயிர்பிழைப்பின் பெயரில் வாங்கிய விலக்கு, போய்ச் சேர்ந்த இடம் புகைக்கூண்டு. நெய்வேலிச் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்துவிடாமல் இருக்க நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தாக வேண்டும் என்பதும், ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுகள் இருந்த ஊர்களில் கிணறுகள் கீழே கீழே போனதும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இந்த வாக்கியத்தில் எழுவாய் ‘மனிதன்’ இல்லை; ‘மேற்கு’ம் இல்லை.

அகர்வால்–நாராயண் வாதத்தின் குருட்டுப்புள்ளி இங்கேதான். தலைக்கு இவ்வளவு என்று உலகத்தைப் பிரித்த அவர்கள், அந்தப் பிரிப்பைத் தேசத்தின் வாசலில் நிறுத்தினார்கள். (உள்ளேயும் ஏழைகளின் பங்கு ஏழைகளுக்கே என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லாமலில்லை. ஆனால் சர்வதேச மேடையில் பேசியது தேசம்தான்.) சராசரி என்பது ஒரு வித்தை. இந்தியரின் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன், அமெரிக்கருக்கு 14, 15 டன் என்னும்போது அந்த 2 டன்னுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? 2007இல் கிரீன்பீஸ் இந்தியா வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது பற்றியது. மின்விசிறி இல்லாத குடிசையும் அறைக்கு ஒரு ஏசி போட்ட மாளிகையும் கூட்டி வகுக்கப்பட்டு, மாளிகைக்குக் குடிசையின் எளிமை இனாமாகக் கிடைக்கிறது. வாஷிங்டன் செய்த கழித்தலும் டெல்லி செய்யும் வகுத்தலும் ஒரே குடும்பத்துக் கணக்குகள்.

7

ஆகட்டும், வயலுக்குள்ளேயாவது எழுவாய் ஒன்றா? ‘இந்திய விவசாயி’ என்ற ஒருமைக்குள் மிராசுதாரும் இருக்கிறார், குத்தகைதாரரும் இருக்கிறார், நிலமே இல்லாமல் நாற்று நடுகிறவரும் இருக்கிறார். 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்ததன் பின்னணியில் இருந்தது நெல்லை அளந்து போடும் கூலிதான். நெல்லைப் புனிதப்படுத்துகிற எந்த எழுத்தும் அந்தச் சாம்பலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இன்று மீத்தேனைக் குறைக்கச் சொல்லப்படும் வழி, வயலில் எந்நேரமும் தண்ணீர் நிறுத்தாமல் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பயிலரங்கம் வைத்துச் சொல்கிறார்கள். நம்ம ஊர்ப் பெரியவர்கள் இதை ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். நல்ல முறை, தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் கணிசமாகக் குறையும். எதிர்க்க ஒன்றுமில்லை. ஆனால் மூன்று கேள்விகள். ஒன்று, காய விடுவதும் பாய்ச்சுவதும் யார் கையில் இருக்கிறது? தலைமடைக்காரர் அல்லது ஆழ்குழாய்க்காரர் கையில். கடைமடையில் காய்ச்சல் மட்டும்தான் உறுதி. பாய்ச்சல் மேட்டூரையும் மேகத்தையும் பொறுத்தது. இரண்டு, நிற்கிற தண்ணீர் களையை அமுக்கும். காய்ந்தால் களை மண்டும். களை எடுப்பது யார்? குனிந்த முதுகோடு வெயிலில் நிற்கும் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் பெண்கள். மூன்று, மிச்சப்படுத்திய மீத்தேனுக்குக் கார்பன் சந்தையில் காசு உண்டாம். அது யாருக்கு? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கும் இடைத்தரகு நிறுவனத்துக்கும். களை எடுத்தவர் பெயரில் டன் எதுவும் பதிவாகாது.

இத்தனைக்கும் அந்தக் காசின் பின்னுள்ள டன்னே மெய்யா என்பதும் கேள்வி. 2024இல் வெர்ரா என்னும் சான்றளிப்பு அமைப்பு சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரிக்க நேர்ந்தது. திட்டம் மெய்யாகவே இருந்தாலும், அந்தச் சான்றை வாங்குகிற ஒரு விமானக் கம்பெனி தன் புகையைத் தொடர்ந்து விடுவதற்கான அனுமதிச்சீட்டாகவே அது முடிகிறது. உயிர்பிழைப்பு உமிழ்வைக் குறைத்து ஆடம்பர உமிழ்வுக்கு இடம் ஒதுக்குவது! அனில் அகர்வால் 2002இல் காலமானார். தன் சொற்கள் இப்படித் தலைகீழாகத் தொங்குவதைப் பார்க்கும் கொடுமை அவருக்கு இல்லாமல் போயிற்று.

8

இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும், எல்லாமே சொல்லாடல்தான் என்று முடித்துவிடுவாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அறிவியல் உண்மை கட்டமைக்கப்பட்டது என்று ஆண்டுக்கணக்காகக் காட்டிவந்த புரூனோ லதூர் 2004இல் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான். லுண்ட்ஸின் வகையறாக்கள் ‘அறிவியல் இன்னும் முடிவாகவில்லை’ என்று நம் ஆயுதத்தையே எடுத்து வீசும்போது, விமர்சனம் யாருக்கு வேலை செய்தது? எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலிருந்தே வெப்ப உயர்வைத் துல்லியமாகக் கணித்திருந்தார்கள் என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. வெளியே சந்தேகத்தை விற்றவர்கள் உள்ளே சந்தேகமில்லாமல் இருந்திருக்கிறார்கள். ஐயுறுதல் தன்னளவிலேயே புரட்சி என்று நம்பிய நமக்கு இது உறைக்க வேண்டும்.

என் விடை இது. மௌனலோவாவின் அளவுமானியைச் சந்தேகிப்பது வேறு. அந்த எண்ணை யார் கணக்கில் பற்று எழுதுகிறார்கள் என்று கேட்பது வேறு. முதலாவது நிலக்கரி முதலாளியின் வேலை. இரண்டாவது நம் வேலை. இரண்டையும் ‘கட்டவிழ்ப்பு’ என்று ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருந்தது நம் சோம்பல்.

தீபேஷ் சக்கரவர்த்தி 2009இல் எழுதிய கட்டுரையில், முதலாளியத்தின் மீதான விமர்சனம் மட்டும் இந்த நெருக்கடிக்குப் போதாது, மனிதனை ஓர் உயிரினமாகவும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். இந்த நெருக்கடியில் பணக்காரருக்குத் தனி உயிர்காப்புப் படகு கிடையாது என்பது அவருடைய துணிபு. அந்தத் துணிபை ஏற்க முடியாது. படகுகள் இருக்கின்றன, சித்திரை வெயிலில் ஏசி அறையும் உப்பளமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் அவர் சொன்னதில் பாதியை விட்டுவிடவும் கூடாது. தலைக்குச் சமமாகப் பங்கிட்டு, சாதி வர்க்க நியாயத்தோடு எரித்தாலும் நிலக்கரி நிலக்கரிதான். வளிமண்டலம் நம் சமூகநீதியைப் பார்த்துத் தள்ளுபடி தராது. எனவே ‘நாங்கள் இன்னும் எரிக்கவில்லை, எங்கள் முறை’ என்பது நீதியின் குரலாகத் தொடங்கி வளையமாதேவியில் பொக்லைனாக முடியும். நியாயம் கேட்க வேண்டியது எரிக்கிற உரிமைக்கல்ல. எரிக்காமல் வாழ்வதற்கான வழியை யார் செலவில், யாருடைய நிலத்தில், யாரைக் கேட்டு அமைப்பது என்பதற்கு.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது இயல்பு. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும் என்பதால் அதை விடுகிறோம். ‘வந்தாள்’ என்றால் போதும். ஆனால் ‘ஆதல்’ போன்ற தொழிற்பெயரில் ஆளும் இல்லை, காலமும் இல்லை. யார், எப்போது என்ற இரண்டையும் ஒரே வீச்சில் துடைத்துவிடும் வடிவம் அது. அதனால்தான் அறிக்கைகளுக்கும் ஆணைகளுக்கும் அது அவ்வளவு பிடித்திருக்கிறது. சொல்லை மாற்றினால் சூடு குறையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அடுத்தமுறை இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வினையைப் பிறவினையாக்கி, எழுவாயின் இடத்தில் ‘மனிதன்’ என்ற பொய்ப்பெயரைப் போடாமல், எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எந்தச் சுரங்கம், யாருடைய பட்டா என்று முழு வாக்கியமாக எழுதிப் பார்க்கட்டும். வாக்கியம் நீளும், கரடுமுரடாகும், சிலருக்குக் கோபம் வரும். கோபம் வருகிறவர்கள் யார் என்று பார்த்தாலே எழுவாய் யாரென்று பாதி தெரிந்துவிடும்.